வீட்டிலிருந்து ஒரு ஆள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்த டைரி மைதா கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று அச்சடித்திருக்கிறது. ஜனவரியிலிருந்து வெறுமையாகக் கிடந்ததை இன்றைக்குத்தான் தூசி தட்டி எடுத்தேன். தினமும் என்ன பயிற்சி செய்தேன், எவ்வளவு வலித்தது என்று எழுதி வைக்கும்படி பியூலா சொல்லியிருக்கிறாள். வெறும் வலியை எழுதினால் பக்கம் நிறையாது. அதனால் மற்றதையும் எழுதுவதாக இருக்கிறேன்.

நான் கொம்பையா. கோவில்பட்டியில் பொன்பாண்டி முதலாளி கடையில் புரோட்டா மாஸ்டர். மே மாதத்திலிருந்து வலது தோள் பூட்டிக்கொண்டுவிட்டது. கை காதுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. வீச்சு வராத கையை வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நிற்பவன் மாஸ்டர் இல்லை, வெங்காயம் உரிக்கிற ஆள். தீபாவளிக்குள் கையைச் சரி பண்ணிக்கொண்டு வந்தால் கல் எனக்கு, இல்லாவிட்டால் புது மாஸ்டருக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். தன்மையாகத்தான் சொன்னார். சங்கரன்கோவிலிலிருந்து ஒருத்தனை இப்போதைக்குப் போட்டிருக்கிறார். அவன் வீசியதைப் பார்த்தேன். அப்பளம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு எச்ஐவி இருக்கிறது. ஒன்பது வருடம் ஆகிறது. வந்த வழியை எழுதப்போவதில்லை. தாரக மந்திரத்துக்கு மேலே எழுதுகிற சமாசாரம் இல்லை அது. பெரியாஸ்பத்திரியில் தருகிற கூட்டு மருந்தை ஒரு வேளைகூட விட்டதில்லை. ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் அது வந்த புதிதிலேயே கால் நரம்பைக் கெடுத்துவிட்டது. பாதத்துக்கு அடியில் எப்போதும் பஞ்சு இருப்பது போல இருக்கும்.

என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன மையம் இருக்கிறது, அங்கே பிசியோதெரபி பார்க்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் போனேன். வாடகை வீடு. முன்னறையில் ஒரு கட்டில், சுவரில் கயிறும் உருளையும். பியூலாவுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும், தூத்துக்குடிப் பெண். டாக்டரம்மா என்று கூப்பிட்டதற்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே என் தோளுக்கு வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கையுறை போடலையாம்மா?”

“தோள்ல புண்ணு ஏதும் இருக்கா அண்ணாச்சி?”

இல்லை என்றேன்.

“அப்ப எதுக்கு?” என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

முன்பு போன ஓர் இடத்தில், நோயைச் சொன்னதும் கரண்டில் சூடாகிற ஒத்தடப் பையைத் தோளில் கட்டிவிட்டு அந்த ஆள் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். ஒன்பது வருடத்தில் ஊசி போடுகிறவர்களைத் தவிர என் மேல் யாருடைய கையும் பட்டதில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வலி: நிறைய.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று பாதத்தைச் சோதித்தாள். கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் சொல்லுங்கள் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாக ஆரம்பிக்கவே இல்லையே என்று கண்ணைத் திறந்தால், வலது பாதத்தை முடித்து இடது பாதத்துக்குப் போயிருந்தாள். கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அவ்வளவு நேரமும் அதைக் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறாள்.

சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெறுங்காலோடு நடக்கக் கூடாது, செருப்புக்குள் கல் கிடக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும், தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். வெந்நீர் ஒத்தடமெல்லாம் தோளுக்கு மட்டும். காலில் ஊற்றுகிற தண்ணீரைக்கூட வேறு ஓர் ஆள் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டுமாம்.

சூட்டைப் பற்றி எனக்கே பாடமா? முப்பது வருடமாகக் கல்லின் சூட்டைக் கையைக் காட்டியே சொல்கிறவன் நான். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பிறகு அரைமணி நேரம் பாதத்தை ஒவ்வொரு விரலாக நீவி விட்டாள். அது மட்டும், ஆழத்தில் எங்கேயோ, லேசாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் 9, சனி

சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி. ஏறிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மூக்கு மட்டம். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கோடு நெற்றிக்கு வந்துவிட்டது. பியூலா செய்கிற முறையை எழுதி வைக்க வேண்டும். ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொள்கிறாள். மறு கையைத் தோள்பட்டை எலும்பில் வைத்துக்கொள்கிறாள். மெதுவாகத் தூக்கி, எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்திவிடுகிறாள். அதற்கு மேல் தள்ளுவதில்லை, இறக்குவதும் இல்லை. அப்படியே நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் தோளே இளகிக் கொடுக்கிறது. மாவும் அப்படித்தான். ஊறாத மாவை இழுத்தால் கிழியும். அவசரப்படாத ஆளைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும்.

எனக்கு நன்றி சொல்ல வராது. கடையில் யாராவது புரோட்டா நன்றாக இருக்கிறது என்றால்கூட, “சால்னாவ ஊத்திச் சாப்பிடுங்க” என்பேன். இன்று கட்டிலை விட்டு இறங்கும்போது, “நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாள் முழுக்க மனது லேசாக இருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே செய்தால் போதாது, வீட்டிலும் தினமும் யாராவது இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றாள். வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள், அரைமணி நேரத்தில் சொல்லித்தந்துவிடுகிறேன் என்றாள். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இசக்கியை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இசக்கி என் மனைவி. கடலைமிட்டாய் கம்பெனியில் வேலை. எனக்கு நோய் என்று தெரிந்த அன்று அவளுக்கும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவெடுத்தேன், என் மூலமாக அவளுக்கு ஒரு தூசும் வரக்கூடாது என்று. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சோப்பு. என் துணியை நானே துவைப்பேன். முன்னறையில் என் கட்டில், உள்ளறையில் அவள் பாய். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள், நான் எடுத்துக்கொள்வேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வருடா வருடம் அவளைச் சோதிக்கிறார்கள், ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதைப் போய் ஒரு தோளுக்காகக் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

தொட்டால் பரவாது என்று ஆஸ்பத்திரியில் போஸ்டரே ஒட்டியிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தால் ஆயிற்றா?

ஆகஸ்ட் 30, சனி

சுவரில் என் பென்சில் கோட்டுக்கு இரண்டு சாண் மேலே கரித்துண்டால் ஒரு கோடு இருக்கிறது. நான் போட்டதில்லை.

செப்டம்பர் 3, புதன்

கடைப் பக்கம் போனேன். சங்கரன்கோவில்காரன் கொஞ்சம் தேறியிருக்கிறான். பிடிக்கவில்லை. முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிய ஆட்டில் தீபாவளி தெரிந்தது.

என் நோய் அவருக்குத் தெரியாது. மாவு பிசைகிறவன் சொல்லாமல் இருக்கலாமா என்று நேற்று பியூலாவிடம் கேட்டிருந்தேன். மாவிலும் பரவாது, சாப்பாட்டிலும் பரவாது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் இஷ்டம், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றாள். பெரிய சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது. கடைத்தெருவிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இசக்கி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மதியம் கால் ரொம்பக் கனத்துக் கிடந்தது. தீபாவளி நேரத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். தோளுக்கு ஒத்தடம் கொடுத்தால் இளகுகிறது என்றால் காலுக்கும் இளகத்தானே செய்யும். கல் உப்புப் போட்டுத் தண்ணீர் காய வைத்தேன். பியூலா சொன்னது ஞாபகம் இருந்தது. வேறு ஆளுக்கு எங்கே போவது? என் உள்ளங்கையையே விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இரண்டு காலையும் விட்டுக்கொண்டு ரேடியோ கேட்டேன். சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஒன்றும் தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கல்லில் காய்ந்து காய்ந்து மரத்துப்போன கை என்னுடையது. கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்குவேன் என்று கடைப் பையன்களிடம் பீற்றிக்கொள்வேன். அந்தக் கையை நம்பிக் காலை விட்டிருக்கிறேன். இடது காலைப் பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டதால் அதற்கு ஒன்றுமில்லை. வலது பாதத்தின் அடியிலும் ஓரத்திலும் நீர் கோத்துக் கொப்பளமாக நிற்கிறது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மையத்துக்குப் போகவில்லை. மேகமாக இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

போகவில்லை. பஸ்ஸில் கூட்டம். மையத்திலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. கொப்பளம் உடைந்து நீர் வடிகிறது. துணியைச் சுற்றியிருக்கிறேன். தோள் மறுபடி இறுகுகிறது. கோடு மூக்குக்கு வந்துவிட்டது.

போனால் பியூலா பாதத்தைத் தொடுவாள். வெறுங்கையோடு தொட்டால் என்ன செய்வது? அந்தப் பிள்ளைக்கு என்னால் ஏதாவது ஆகிவிட்டால்? கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள் என்றாலும்... அதை எழுத வேண்டாம். எதற்கும் போகாமல் இருப்பதே நல்லது.

செப்டம்பர் 14, ஞாயிறு

இசக்கி வீட்டைத் துடைத்து உலர்ந்த பிறகு நான் கட்டிலிலிருந்து எழுந்து பின்வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தால் அவள் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிமெண்டுத் தரையில் ஒற்றைக் கால் தடம் வரிசையாக, ஈரமாக. நான் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அவள் துணியை எடுக்கப் போனாள். தொடாதே என்று கத்திவிட்டேன். பினாயில் ஊற்றி நானே ஒவ்வொரு தடமாகத் துடைத்தேன். முட்டி போட்டு, ஒற்றைக் கையால். அவள் கதவில் சாய்ந்து நின்று கடைசித் தடம் வரைக்கும் பார்த்தாள்.

ராத்திரி சாப்பாடு வழக்கம்போல மூடி வைத்திருந்தது. இரண்டு அவித்த முட்டை கூடுதலாக.

செப்டம்பர் 15, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் இசக்கி வேலைக்குப் போகிறேன் என்று போனாள். பத்து மணி வாக்கில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இசக்கி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பையோடு பியூலா. கம்பெனிக்குப் போகாமல் நேரே மையத்தைத் தேடிப் போயிருக்கிறாள். எப்படித் தெரியும் என்றால், நான்தான் தினமும் சாப்பிடும்போது பியூலா இப்படிச் சொன்னாள், பியூலா அப்படிச் செய்தாள் என்று உள்ளறைப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுகூட நான் நினைக்கவில்லை.

பியூலா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். என் கட்டில், என் தட்டு, ஆணியில் தொங்குகிற என் டம்ளர், உள்ளறையில் சுருட்டி வைத்த பாய். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வீட்ல யாரும் இல்லன்னீங்களே அண்ணாச்சி.”

திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

பையிலிருந்து கையுறையை எடுத்தாள். நான் எதைப் பார்க்கக் கூடாது என்று ஒளிந்துகொண்டிருந்தேனோ அது. இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு என் துணிக்கட்டை அவிழ்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். புண்ணைக் கழுவி, மருந்துத் துணி வைத்துக் கட்டினாள். ஆழமாக இல்லை, ஆனால் விட்டிருந்தால் காலே போயிருக்கும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்றாள். கையுறையை உள்புறம் வெளியே வரும்படி கழற்றி ஒரு கவரில் போட்டுக் கட்டினாள். பின்வாசலில் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து, வெறுங்கையை என் தோளில் வைத்தாள்.

“கையுறை புண்ணுக்குத்தான் அண்ணாச்சி. ஒங்களுக்கு இல்ல.”



கால் ஆறும்வரை நான் மையத்துக்கு நடந்து வரக்கூடாதாம். அதுவரை தோளை விட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும், பிறகு தீபாவளி இல்லை, பொங்கலுக்குக்கூடக் கல்லுப் பக்கம் போக முடியாது என்றாள். இசக்கியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் எழுந்துவிடப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். அவளுக்கு இத்தனை வருடம் ஒன்றும் வராமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன், அதைக் கெடுக்காதே என்று பியூலாவிடம் கோபமாகவே சொன்னேன்.

பதில் சொன்னது இசக்கி. குரலை உயர்த்தவில்லை. கடையில் சாமான் கேட்பது போலத்தான் சொன்னாள்.

“எனக்கு நோய் வந்துரக் கூடாதுன்னு பாத்தீக. வரல. ஒம்பது வருசமா எனக்கு வேற ஒண்ணுமே வரல. காய்ச்சல்னு கெடந்தா நெத்தியத் தொட்டுப் பாக்க விட்டீகளா? நீங்க எம்மேல கோவமா இருக்கீகன்னே ரெண்டு வருசம் நெனச்சிட்டுக் கெடந்தேன்.”

பியூலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இசக்கி உட்கார்ந்தாள். கையை எங்கே வைக்க வேண்டும் என்று பியூலாவைக் கேட்டாள். பிறகு வைத்தாள்.

மேலே எழுத முடியவில்லை. தோள் வலி.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மருந்து, கட்டு. டாக்டர் திட்டினார். இசக்கி கூட வந்தாள். வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவளும் தள்ளி வந்து உட்கார்ந்தாள். பெஞ்சு முடிந்துவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இசக்கி தினமும் கம்பெனியிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டுப் பாயை விரிக்கிறாள். நான் உட்கார வேண்டும். முதல் இரண்டு நாளும் இரண்டு பேரும் ஏதோ திருட்டு வேலை செய்கிறவர்கள் மாதிரி பேசாமல் செய்து முடித்தோம். இப்போது பழகிவிட்டது. பியூலா அளவுக்குப் பொறுமை கிடையாது. இறுகுகிற இடத்தில் நின்று, “ம், விடுங்க, விடுங்க” என்று அதட்டுகிறாள். தோள் பயந்துபோய் விடுகிறது.

அவள் கையில் வெல்லப்பாகு வாசம் அடிக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதாம். போக வேண்டாம்.

கரிக்கோட்டைப் பற்றிக் கேட்டேன். நான் அவ்வளவு உயரத்துக்குத் தேங்காய்ச்சிரட்டை மாலை கட்டித் தொங்கவிட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். கல்யாணமான புதிதில் அதே சுவரில் நான் வலது கையால் எட்டி, விளையாட்டாகக் கட்டிய தொங்கல். எனக்கு மறந்தே போயிற்று. அன்றைக்கு என் கை எட்டிய இடத்தில் அவள் அளவு பிசகாமல் கோடு போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

புண் மூடிவிட்டது. புதுத்தோல் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது. குளிக்கும்போது இசக்கி வாளிக்குள் கையை விட்டுப் பார்த்து, “ஊத்தலாம்” என்று சொன்ன பிறகுதான் நான் காலில் ஊற்றுகிறேன். நேற்று அவள் பார்க்காமல் ஊற்றப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுபடியும் மையத்துக்குப் போனேன். பியூலா அளந்து பார்த்து, அண்ணாச்சி, அக்காவுக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுக்கலாம் போல என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். இசக்கி இன்றைக்குத் தோளைக் கொஞ்சம் கூடுதலாகவே தூக்கினாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

என் தட்டைக் காணோம். இசக்கியைக் கேட்டால் இங்கேதான் எங்கேயாவது இருக்கும் என்கிறாள். இருக்கிற தட்டுகளில் ஒன்றில் சாப்பிட்டேன். எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

கல்லுக்கு முன்னால் நின்றேன்.

மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து முதலாளி வரச் சொல்லியிருந்தார். மூடிய செருப்புப் போட்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டூல். மாவை நானே பிசைந்தேன், நானே ஊற வைத்தேன். உருண்டையைத் தட்டி எடுத்து முதல் வீச்சு வீசும்போது தோளில் சுருக்கென்றது. இறுகிய இடத்தில் ஒரு கணம் நிறுத்தினேன். என்னையறியாமல் வாய்க்குள் ‘விடுங்க, விடுங்க’ என்று சொல்லிக்கொண்டேன். விட்டது. மாவு தலைக்கு மேல் போய் விரிந்து வந்து கல்மேடையில் விழுந்தது. பழைய மாதிரி இல்லை, ஒரு ஓரம் கிழிந்திருந்தது. இரண்டாவது கிழியவில்லை. மூன்றாவதை வீசும்போது சங்கரன்கோவில்காரன் மேசை துடைப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி ஒரு புரோட்டாவை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். அடுக்கு அடுக்காக வந்தது. வாயில் போட்டுக்கொண்டு, “தீபாவளிக்குக் கல்லு ஒமக்குத்தான்வே” என்றார். சங்கரன்கோவில்காரனையும் அனுப்ப வேண்டாம், மாவு பிசையவும் மாற்று ஆளாகவும் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பிள்ளை பரவாயில்லை. சொல்லிக்கொடுத்தால் வருவான்.

வீட்டுக்கு நான்கு புரோட்டா கட்டிக்கொண்டு வந்தேன். இசக்கி சால்னாவை ஊற்றிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். சால்னாவ ஊத்திச் சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே ஊற்றியிருந்தாள். அதனால், “நீ தூக்கிவிட்ட கை” என்றேன். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். போனவள் வரவே ரொம்ப நேரமாயிற்று.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எழுத நேரமில்லை. மாவு, கல், கூட்டம். தோள் இருக்கிறது. கால் இருக்கிறது. சாமிக்கு நன்றி, பியூலாவுக்கு நன்றி, மைதா கம்பெனிக்கும் நன்றி.

அக்டோபர் 24, வெள்ளி

பியூலாவுக்கு இசக்கி ஒரு டப்பா நிறையக் கடலைமிட்டாய் கொடுத்துவிட வேண்டும் என்றாள். நானே கொண்டுபோகிறேன் என்றதற்குக் கேட்கவில்லை, வேலை முடிந்து வருகிற வழியில் அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வர நேரமாயிற்று. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பொம்பளைங்க பேச்சு என்றாள். பிறகு பாயை விரித்தாள். வழக்கம்போல இருபது தரம்.

நவம்பர் 4, செவ்வாய்

பியூலா இன்று தோளைக் கடைசியாக அளந்தாள். இடது கைக்கும் வலது கைக்கும் வித்தியாசமே இல்லை. சுவரில் கரிக்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போய்விட்டது. பாதத்துக்கு மட்டும் மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றாள். தோளுக்கு இனி யாரும் பிடித்துத் தூக்க வேண்டிய அவசியமில்லை, நீங்களாகச் செய்கிற பயிற்சியே போதும், வீட்டில் நிறுத்திவிடலாம் என்றாள்.

எவ்வளவு பெரிய விஷயம். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறது. அவளுக்கு ஒழுங்காக நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு கையும் ஒரே உயரத்துக்கு வந்ததைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். ஒத்திகை பார்த்தது ஒன்றும் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். பியூலா சொன்ன கடைசி விஷயத்தை இசக்கியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று ஒன்றும் அவசரமில்லை. மழைக்காலம். தோள் மறுபடியும் பிடித்துக்கொள்ளாது என்று யார் சொல்ல முடியும்? முன்ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை.

சாயந்தரம் அவள் பாயை விரித்தாள். உட்கார்ந்தேன். கொஞ்சம் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

நவம்பர் 14, வெள்ளி

மனது கேட்கவில்லை. இசக்கி நாள் முழுக்கப் பாகு கிளறி, வில்லை போட்டு, கை ஓய்ந்து வருகிறாள். அவளிடம் போய் வேலை வாங்குகிறேனே என்று இருந்தது. பாயில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். பியூலா போன வாரமே போதும் என்று சொல்லிவிட்டாள், நான்தான் மறந்துபோனேன் என்றேன்.

இசக்கி என் முழங்கையைத் தாங்கியிருந்த கையை எடுக்கவில்லை.

“எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். மிட்டாய் குடுக்கப் போனேன்ல, அன்னைக்கே சொல்லிட்டா, இனி தேவைப்படாதுக்கான்னு.”

அப்படியென்றால் தீபாவளி முடிந்த அந்த வாரத்திலிருந்து. நான் திரும்பி அவளைப் பார்க்கப் போனேன். அவள் விடவில்லை. மறு கையை என் தோள்பட்டையில் வைத்து அழுத்தி நேராக உட்கார வைத்தாள்.

“பேசாமக் கையத் தூக்குங்க” என்றாள்.

தூக்கினேன்.